‘டார்கெட் நாட் டிடெக்டெட்’ என்று வந்தால் பதறாதீர்கள்

எச்ஐவி-க்கான ஏஆர்டி மாத்திரை தொடங்கி ஆறு மாதம் கழித்து, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோட் ரிப்போர்ட் வாங்கப் போனேன். எண் இருக்கும் என்று பார்த்தால், ‘டார்கெட் நாட் டிடெக்டெட்’ என்று மட்டும் இருந்தது. டெஸ்ட் சரியாக வரவில்லை போல, மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கவுன்டரில் கேட்டேன். “அதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். டாக்டர் கிளம்பிவிட்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் வரை நான் சரியாகத் தூங்கவில்லை.

கவுன்சிலர்தான் கடைசியில் சொன்னார்: ரத்தத்தில் வைரஸ் அந்தக் கருவியின் கண்ணிலேயே படவில்லை. இருப்பதிலேயே நல்ல முடிவு அது! அங்கேயே அழுதுவிட்டேன். இதைக் கவுன்டரில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் மூன்று இரவுகள் மிஞ்சியிருக்கும். சிலருக்கு ‘< 20’ என்று வரும். வைரஸ் இருக்கிற அடையாளம் தெரிகிறது, எண்ணும் அளவுக்கு இல்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம்.

உடனே “அப்போ குணமாயிடுச்சா?” என்று கேட்டேன். இல்லை. சில செல்களுக்குள் வைரஸ் பதுங்கியே இருக்கும்; மாத்திரையை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே ரத்தத்தில் திரும்பிவிடும். ‘அன்டிடெக்டபிள்’ (கருவிக்குத் தெரியாத அளவு) வேறு, ‘நெகட்டிவ்’ (தொற்றே இல்லை) வேறு. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கியதைத் தேடும் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தால் இன்றும் எனக்குப் பாசிட்டிவ்தான் வரும்.

என்னை அதிகம் குழப்பியது 200 என்ற எண். சிடி4, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை ரத்த அணுக்களின் எண்ணிக்கை, 200-க்குக் கீழே போனால் ஆபத்து. காசநோய், நிமோனியா போன்ற, எதிர்ப்பு சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றுகள் எளிதில் பிடித்துக்கொள்ளும். வைரல் லோட் தொடர்ந்து 200-க்குக் கீழே இருந்தாலோ, உடலுறவு வழியாக இணைக்குப் பரவாது. ஒரே எண், ஒன்றில் பயம், இன்னொன்றில் நிம்மதி. சிடி4 ஏற வேண்டும், வைரல் லோட் இறங்க வேண்டும். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒருமுறை சிடி4 412-லிருந்து 375-க்கு இறங்கியதும் மாத்திரை வேலை செய்யவில்லை என்று கலங்கினேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். ரத்தம் எடுக்கும் நேரம் மாறினாலே அந்த எண் கூடும், குறையும் என்றார் டாக்டர். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு வைரல் லோடைத்தான் பார்க்க வேண்டுமாம்.

ரிப்போர்ட் வாங்கும் நாளை டாக்டர் இருக்கும் நாளாகப் பார்த்து வையுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டவே வேண்டாம்.