சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் 58 என்ற எண்ணும்

எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், வருடத்திற்கு ஒரு முறை சிறுநீரகப் பரிசோதனை செய்துகொள்ளும்படி வீட்டருகே உள்ள பலதுறை மருந்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பல ஆண்டுகளாகச் செய்து பழகிய அந்தப் பரிசோதனை, சென்ற ஆண்டு, என் 56ஆம் வயதில், என்னை மூன்று மாதம் கவலையில் வைத்திருந்தது.

ரத்தம் எடுக்கும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறுநீரகத்திற்காக மட்டும் என்றால் வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. எனக்குச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதால், முந்திய இரவு பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்றார்கள். தாதி முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டி, நரம்பை விரலால் தடவிப் பார்த்து, மஞ்சள் மூடியும் சாம்பல் மூடியும் போட்ட இரண்டு சிறு குழாய்களில் ரத்தம் எடுத்துக்கொண்டார். சிறுநீருக்கு ஒரு சிறிய குப்பி. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

சில நாட்களில், சிங்கப்பூர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக, மருத்துவ முடிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து பார்த்தேன். கிரியேட்டினின் 125 மைக்ரோமோல், சிறுநீரகம் வடிகட்டும் அளவைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 58. என் அண்ணன் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) போய் வருபவர். அந்த 58ஐக் கண்டதும் அவர் கையில் தடித்துப் புடைத்திருக்கும் நரம்புதான் கண்முன் வந்தது.

மருத்துவர் நிதானமாக விளக்கினார். கிரியேட்டினின் என்பது தசைகள் இயங்கும்போது உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் கூடும். அந்த அளவையும் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் வைத்துக் கணக்கிட்ட மதிப்பீடுதான் இஜிஎஃப்ஆர். அது 60க்குக் கீழே மூன்று மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்களாம்; ஒரே ஒரு முடிவை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசியவில்லை என்பதும் நல்ல செய்தி என்றார்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு மிகவும் பயன்பட்டன. முந்திய நாள் இரவு என்ன சாப்பிட்டேன்? தேக்காவில் ஒரு பெரிய கிண்ணம் ஆட்டுக்கறி சூப். சமைத்த இறைச்சியே சில மணி நேரத்திற்குக் கிரியேட்டினினை உயர்த்திக் காட்டுமாம். வலி மாத்திரை ஏதாவது? முட்டிவலிக்காக ஐபுபுரோஃபெனைப் பல வாரங்களாக நானே கடையில் வாங்கி விழுங்கி வந்ததை அப்போதுதான் சொன்னேன். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அந்த வகை மாத்திரை குறைக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்று சொல்லி, உடனே நிறுத்தச் சொன்னார். கேட்காமலே நான் முன்வந்து சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. அதற்கு முந்திய நாள் இறைச்சியைத் தவிர்த்தேன், தண்ணீர் வழக்கம்போல் குடித்தேன். கிரியேட்டினின் 104, இஜிஎஃப்ஆர் 73. சூப் காரணமா, மாத்திரை காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். 73ம் இளம் வயதின் அளவல்ல என்பதால் ஆறு மாதத்தில் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். முட்டிக்கு இப்போது பாரசிட்டமாலும், இயன்முறை சிகிச்சையாளர் சொல்லிக் கொடுத்த பயிற்சியும்தான்.