மெக்கர்ல பாஸ், லோடுல ட்ரிப்

காரைக்குடி பக்கம் புதுவயல்னாலே ரைஸ் மில்லுதான், அங்க ஒரு மில்லுல அரிசி தீட்டுற பாலிஷரை ஓட்டுற 20 எச்பி மோட்டார் சும்மா ஓடவிட்டா ஜோரா ஓடும், அரிசி ஏறி கொஞ்ச நேரத்துல ஓவர்லோடு ரிலே (கரண்ட் அளவுக்கு மீறினா மோட்டாரை நிறுத்துறது) தட்டிரும். பேரிங் மாத்தியாச்சு, ரிலேவும் புதுசு. மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) போட்டா இன்சுலேஷன் நல்லா இருக்கு, வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மூணும் ஒண்ணு போல. வோல்டேஜும் மூணு பேஸ்லயும் 415. "காயில்தான் போயிருச்சு தம்பி, ரீவைண்டிங்குக்கு அனுப்பிருவோம்"னு முதலாளி முடிவே பண்ணிட்டாரு.

"ஒரு நிமிஷம் பொறுங்கண்ணே"ன்னு லோடுல ஓடும்போது கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுத்திப் பிடிச்சு கரண்ட் பார்க்குறது) போட்டேன். மூணு பேஸ் வயருக்கும் பேரு ஆர், ஒய், பி: ஆர்ல 25 ஆம்ப்ஸ், ஒய்ல 29, பி-ல 31. இப்ப கோளாறு மோட்டார்லயா சப்ளைலயான்னு தெரியணும்ல, அதுக்கு ஒரு பழைய வித்தை இருக்கு: மெயினை ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட்டருக்கு வர்ற மூணு வயரையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டணும். மூணையும் சேர்த்து தள்றதால மோட்டார் சுத்துற திசை மாறாது (ரெண்டை மட்டும் மாத்தினா ரிவர்ஸ்ல சுத்திரும், பாலிஷர் கதி அவ்ளோதான்). மறுபடி ஓட்டிப் பார்த்தா கம்மி கரண்ட் அதே ஆர் வயர்லயே நிக்குது. காயில் போயிருந்தா அது மோட்டார் லீடு கூடவே வேற வயருக்குப் போயிருக்கணும். ஆக மோட்டார் மேல தப்பில்ல.

அப்புறம் கிளவுஸ் போட்டுக்கிட்டு, மில்லு ஓடும்போதே வோல்ட் மீட்டரோட ஒரு ப்ரோப் மெயின் சுவிட்ச் இன்கமிங்ல, ஸ்டார்ட்டர் இன்கமிங்ல அதே பேஸ்ல இன்னொரு ப்ரோப். ஒய், பி-ல அரை வோல்ட்டு கூட இழப்பு இல்ல, ஆர்ல 10 வோல்ட்! 25 ஆம்ப்ஸோட பெருக்குங்க, 250 வாட்ஸ், ஒரே ஜாயிண்ட்ல சும்மா சூடாப் போயிட்டு இருந்துருக்கு. மெயினை இறக்கிட்டுத் திறந்தா, சுவிட்ச் அவுட்கோயிங்ல அலுமினிய கேபிள் லக்கு (கேபிள் நுனில மாட்டுற கண்ணி) காப்பர் டெர்மினல்ல லூசா, கருத்துப்போய், இன்சுலேஷன் பிஸ்கட் மாதிரி உடையுது. அலுமினியமும் காப்பரும் சூட்டுல ஒரே அளவு விரியாது, நாளாக ஆக லூசாகும், ஆக்சைடு படியும், இன்னும் சூடாகும்.

மத்தவங்க யாருக்கும் இது சிக்காததுக்குக் காரணம், எல்லாரும் லோடு இல்லாமதான் வோல்டேஜ் பார்த்துருக்காங்க. கரண்ட் ஓடலைன்னா டிராப்பும் இருக்காதே. லோடுலயும் ஆர்-ஒய் 407தான் காட்டுச்சு, ஒய்-பி 415, பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆனா பேஸுக்குப் பேஸ் வோல்டேஜ் 1 சதவீதம் வித்தியாசப்பட்டா, கரண்ட் 6லருந்து 10 சதவீதம் வரைக்கும் வித்தியாசப்படும், இண்டக்‌ஷன் மோட்டார் குணமே அதுதான்.

கருகின கேபிளை வெட்டி, அலுமினியம்-காப்பர் பைமெட்டல் லக் அடிச்சு டைட் பண்ணினதும் 28, 28, 29. ரீவைண்டிங் கடைக்குக் குடுத்த அட்வான்ஸை முதலாளி இன்னும் திரும்ப வாங்கலையாம்.