பள்ளமா, மேடா?

லண்டனில் பழங்காசுகளை ஏலம் விடும் நிறுவனம் ஒன்றில், விற்பனைக்கு வரும் பைசாந்திய (கிழக்கு ரோமானியப் பேரரசின்) காசுகளைப் பார்த்துப் பட்டியல் எழுதுவது என் வேலை. கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பை நம்பி வருகிறார்கள். இலங்கை மன்னன் ஒருவன் முன்னால் பாரசீகக் காசையும் ரோமானியப் பொற்காசையும் வைத்தபோது, அவன் புரட்டிப் பார்த்துப் பொற்காசே மேல் என்றான் என்று ஆறாம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறார். மினுக்கமும் நல்ல வடிவமும் தான் அவனுக்குப் பிடித்திருந்தன. அந்த அளவுகோலை வைத்தால் என் மேசைக்கு வரும் போலிகள் எல்லாமே தேறிவிடும்.

சொலிடஸ் என்ற பொற்காசு என்றால் முதலில் தராசுதான். ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்துக்கு 72 காசு என்று ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வைத்த கணக்கின்படி, ஒன்று சுமார் 4.5 கிராம் இருக்க வேண்டும். தராசு 3.7 என்று காட்டினால் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் உடனே "போலி" என்பார்கள். அவசரப்படக் கூடாது. முழு எடையான 24 சிலிகுவாவுக்கு (அந்தக் கால எடை அலகு) பதிலாக 20 சிலிகுவா எடையில் அரசே அடித்த காசுகள் ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் காலம் தொட்டு உண்டு. அவற்றின் அடிப்பகுதியில் கான்ஸ்டான்டிநோபிளின் தூய தங்கம் என்று குறிக்கும் வழக்கமான 'கோனோப்' எழுத்துகள் இருக்காது. 'ஓ', 'பி' என்ற இரண்டு எழுத்துகளும் இருபதைக் குறிக்கும் இரண்டு எக்ஸும் இருக்கும். எடையும் குறைந்து, இந்த அடையாளமும் இல்லையென்றால்தான் புருவத்தை உயர்த்த வேண்டும்.

எடை சரியாக இருந்துவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கெட்டிக்காரன் நல்ல தங்கத்தில், சரியான எடையில்தான் செய்வான். எக்ஸ்-ரே கருவி உலோகக் கலவையைச் சொல்லும், அதுவும் மேற்பரப்பில் மட்டும். அந்தத் தங்கம் எந்த நூற்றாண்டில் அடிக்கப்பட்டது என்று அதனால் சொல்ல முடியாது.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெரியவர் ஜஸ்டினியன் சொலிடஸ் ஒன்று கொண்டு வந்தார். முன்புறம் தலைக்கவசத்தோடு நம்மை நேராகப் பார்க்கும் மன்னர். பின்புறம் நெடிய கோலைப் பிடித்து நிற்கும் தேவதை. எடை சரி. பக்கவாட்டில் திருப்பினால் பின்புறம் தலைகீழாக நின்றது, அந்தக் காலக் காசுக்கு அதுவும் சரி. விளிம்பில் அரம் போட்ட தடம் இல்லை. லென்ஸில் பார்த்தபோது தேவதையின் காலடியில், அங்கி ஓரமாக, கடுகளவு பள்ளம் ஒன்று தெரிந்தது. பழங்காசில் அடிபட்ட தடம் இருப்பது சாதாரணம்தான். ஆனால் அதே பள்ளம் அதே இடத்தில் இருக்கும் இன்னொரு காசின் படம் எங்கள் பழைய ஏலப் பட்டியல்களில் ஒன்றில் கிடைத்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. காசு அடிக்கும் அச்சில் விரிசல் விட்டால் காசில் அது மேடாக விழும். அந்த அச்சில் அடித்த காசுகள் எல்லாவற்றிலும் அந்த மேடு இருக்கும், அதனால் பயமில்லை. பள்ளம் அப்படியல்ல. அது பெரும்பாலும் அடித்து முடித்த பிறகு ஒரு காசுக்கு நேர்ந்த விபத்து. இரண்டு காசு ஒரே மாதிரி, ஒரே இடத்தில் அடிபடாது. அப்படியிருந்தால், ஒன்றிலிருந்து வார்ப்பு அச்சு எடுத்து மற்றதைச் செய்திருக்கிறார்கள், அல்லது இரண்டுமே மூன்றாவது ஒன்றின் பிள்ளைகள்.

பெரியவர் விவரமானவர். "அப்போ என்னுடையதுதான் அந்த மூலக்காசு என்று ஏன் இருக்கக் கூடாது?" என்றார். நியாயமான கேள்வி, நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் இருந்த காசில் தேவதையின் சிறகில் இறகுக் கோடுகள் தனித்தனியே தெரிந்தன. இவருடையதில் அவை ஒன்றோடொன்று கரைந்திருந்தன. தேய்மானமாக இருந்தால் மேடான இடங்கள்தான் முதலில் மழுங்கும். இங்கே மேடு பள்ளம் எல்லாம் ஒரே அளவில் மொழுக்கென்று இருந்தன. எழுத்துகளின் அடி தளத்தைத் தொடும் இடமும் கூர்மையாக இல்லாமல் உருண்டிருந்தது. சம்மட்டி அடியில் தங்கம் விளிம்பை நோக்கி ஓடும்போது விழும் மெல்லிய கோடுகளும் காணவில்லை. இது பிள்ளைதான்.

செப்புக்காசு வேறு உலகம். அங்கே அலங்கோலம்தான் நல்ல சாட்சி. ஏழாம் நூற்றாண்டுப் பேரரசர் ஹெராக்ளியஸ் காலத்தில் பழைய மன்னர்களின் காசுகளையே எடுத்து மேலே புது அச்சை வைத்து அடித்தார்கள். மதிப்பு 40 நும்மி (அன்றைய மிகச் சிறிய நாணய அலகு) என்று காட்டும் பெரிய எம் எழுத்துக்கு அடியிலிருந்து முந்தைய மன்னர் பெயரின் இரண்டெழுத்து எட்டிப்பார்க்கும். "ரெண்டு பேர் பெயர் இருக்கே, இது போலி" என்று அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டுப் போனவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கோ அந்த இரண்டெழுத்தைப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

செம்பில் ஏறும் பச்சைக் களிம்பை மட்டும் நான் நம்புவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பெக்கர் என்ற பேர்போன போலிக்காரர், தான் செய்த காசுகளை இரும்புத்தூள் பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பழமை ஏற்றினாராம். இப்போது வண்டி தேவையில்லை, ரசாயனம் போதும். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பச்சை நிறம் பஞ்சோடு வந்தால் அது சாயம். வராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை.

பெரியவரிடம் காரணங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஏலத்தில் சேர்க்க முடியாது என்றேன். அவர் வேறு இடத்தில் காட்டிக்கொள்கிறேன் என்று எடுத்துப்போனார். தடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இரண்டு பக்கப் படங்களையும் பள்ளத்தில் சிவப்பு வட்டம் போட்டு எங்கள் போலிக் கோப்பில் சேர்த்துவிட்டேன். இதே அச்சில் இன்னும் எத்தனை போலிகள் வெளியே இருக்கின்றனவோ, அடுத்தது வரும்போது பார்க்க வேண்டிய இடம் தெரியும்.