ஆனி வெயிலில் கலியாணப் படம்

வைகாசியும் ஆனியும் மட்டக்களப்பில் கலியாணக் காலம். ஆடி பிறக்கும்வரை கமராப் பையை இறக்கி வைக்க நேரம் இருக்காது. கச்சான் காற்று அடிக்கும், முற்றத்து மணல் கொதிக்கும், பத்து மணிக்கே முகத்தில் பூசினது கரையும். இந்தக் காலத்துக்குப் புது லென்ஸை விட முதலில் தேவைப்படுவது, சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்ற அறிவு.

ஏப்ரல் 10 அளவில் நண்பகல் சூரியன் நமக்கு நேர் மேலே வரும். அதற்குப் பிறகு வடக்கே நகர்ந்து, செப்டம்பர் முதல் கிழமையில்தான் திரும்பவும் தலைக்கு மேல் வரும். இடைப்பட்ட மாதங்களில் காலை முதல் மாலை வரை சூரியன் வடக்குச் சாய்ந்தே போகும். ஆகவே தெற்குப் பார்த்த சுவரில் நாள் முழுக்க நேர் வெயில் படாது. ஆனி நடுவில், நண்பகலில், மூன்று மீற்றர் உயரச் சுவர் தெற்கே முக்கால் மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் போடும். சோடி ஒன்று நிற்க அது போதும். தெற்கு விறாந்தை இருந்தால் இன்னும் நல்லது. கலியாண வீட்டுக்குப் போனதும் போன் திசைகாட்டியில் தெற்கைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் இது தலைகீழ். அப்போது வடக்கு விறாந்தையைத் தேட வேண்டும்.

விறாந்தையில் ஆளை நிறுத்தும் இடமும் முக்கியம். நிழல் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள். கரையோர ஊர்களில் முற்றம் வெள்ளை மணல். வெயில் அதில் பட்டு மேலே எழும்பி, கண்குழி இருட்டையும் நாடிக்குக் கீழே விழும் நிழலையும் நிரப்பிவிடும். காசு கொடுத்து வாங்கும் ரிப்ளெக்டர் செய்யும் வேலையை முற்றம் செய்கிறது. புல்தரையில் இது நடக்காது. நாடிக்குக் கீழே பச்சை ஏறும், அதைக் கணினியில் எடுப்பது பெரிய வேலை.

நிறம் ஏறுவதில் ஆகக் கெட்டது நீலத் தறப்பாள். தறப்பாள் பந்தலுக்குள் எல்லா முகமும் நீலம், பக்கவாட்டில் வரும் வெயில் மஞ்சள். ஒரே முகத்தில் இரண்டு நிறம் இருந்தால் கமராவின் வெள்ளைச் சமநிலை (நிறத் திருத்தம்) எதுவும் காப்பாற்றாது. மணவறைக்கு மேலே வெள்ளை கட்டும் நம்முடைய வழக்கம் படக்காரருக்குப் பெரிய உதவி. தறப்பாளின் கீழே அந்த வெள்ளைச் சீலையை முழுவதும் விரிக்கச் சொல்லி, இரண்டு நாளுக்கு முன்பே வீட்டாரிடம் கேளுங்கள். பிளாஷை மேலே திருப்பி அடித்தால் ஒளி அதில் பட்டு மெத்தென்று இறங்கும். சிவப்பு, மஞ்சள் சோடனைச் சீலைக்கு அடித்தால் அந்த நிறமே முகத்தில் இறங்கும். அப்படிப்பட்ட பந்தலில் பிளாஷை ஸ்டாண்டில் வைத்து, வெள்ளைத் துணி போட்ட சொப்ட்பொக்ஸ் (ஒளியை மெத்தென்று ஆக்கும் பெட்டி) வழியாக அடிக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு ஏசி காரில் வந்து இறங்கி உடனே கமராவை எடுத்தால் லென்ஸில் பனிப்புகார் பிடிக்கும், கடலோரக் காலையில் சொல்லவே வேண்டாம். துடைத்தால் திரும்பவும் பிடிக்கும். இறங்குவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பே ஏசியை நிறுத்தி கண்ணாடியைத் திறந்து விடுங்கள். அல்லது இறுக்கி மூடிய பொலித்தீன் பைக்குள் கமராவை வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். நம்முடைய தாலிக்கொடி மொத்தமான பொன்கொடி, கழுத்துக்குப் பின்னால் சுரை (கொடியின் இரு முனையையும் பூட்டும் திருகு) பூட்ட வேண்டும். மாப்பிள்ளையின் விரல் வியர்வையில் வழுக்கும், சுரை சரியாகப் பிடிக்காது, தோழி கூந்தலையும் மாலையையும் தூக்கிப் பிடிப்பாள். கெட்டிமேளம் தொடங்கியதும் படபடவென்று நாற்பது படம் அடித்து முடித்துவிட்டு, கொடி கழுத்தில் ஏறியதும் கமராவை இறக்குவது பெரும் பிழை. சுரை பூட்டி முடிய இன்னும் சில நொடிகள் ஆகும். மாப்பிள்ளை மூச்சு விட்டு நிமிரும் முகம் அதற்குப் பிறகுதான் வரும். பொம்பிளை கண்ணைத் திறந்து தாலியைக் குனிந்து பார்ப்பதும் அப்போதுதான். எந்தப் பக்கம் திரும்பி நின்று கட்டுவார் என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு, எதிர்ப்பக்கத்தில் இடம் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/200, லென்ஸ் துளை எஃப் 4, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 என்று தொடங்கலாம். அட்சதை விழும்போது ஒட்டோபோக்கஸ் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளியை வைத்து பொம்பிளையின் கண்ணில் நிறுத்துங்கள்.

ஓமப் புகைக்கு நேரே பிளாஷ் அடிக்காதீர்கள், படம் முழுக்கச் சாம்பல் படலமாகும். புகைக்குப் பின்னாலிருந்து ஒளி வந்தால் அதே புகை அழகு.

கூறையின் சிவப்பை கமரா சரியாகப் பிடிக்காது. சாதாரண ஹிஸ்டோகிராம் (கமரா காட்டும் ஒளி அளவு வரைபடம்) சரி என்று காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் வெட்டுப்பட்டு சரிகைக் கரையும் மடிப்பும் ஒரே சிவப்புக் குழம்பாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் மூன்றில் இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் ஒளி பாதி) குறையுங்கள். முகத்தைப் பிறகு தூக்கலாம். போன சிவப்பு வராது.

குடும்பப் படம்தான் நேரத்தைத் தின்னும். நம்முடைய ஊரில் தாய்வழி உறவு பெரிது. அம்மான்மார், பெரியம்மாமார், அவர்கள் பிள்ளைகள் என்று பதினைந்து கூட்டம் வரும். கூட்டத்துக்கு மூன்று நிமிடம் வைத்தாலும் முக்கால் மணித்தியாலம். "பெரியம்மா இன்னும் வரல்ல, கொஞ்சம் பொறு மனே" என்பதோடு ஒரு மணித்தியாலம் தாண்டும். முதல் நாளே பெயர்ப் பட்டியல் எழுதி வாங்கி, இரு பக்கத்திலும் ஆட்களைத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட நிறுத்துங்கள். வயதானவர்களை முதலில் எடுத்து இருத்தி விடுங்கள், அவர்களை வெயிலில் காக்க வைப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை. மூன்று வரிசை என்றால் எஃப் 8, போக்கஸ் முதல் வரிசைக்குச் சற்றுப் பின்னால், லென்ஸ் 35 முதல் 50 மிமீ. 24 மிமீயில் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிவார்கள். கண் மூடியதைச் சரிக்கட்ட கூட்டத்துக்கு ஐந்து படம். கச்சான் அடித்தால் குடை லைட் பாய்ச்சீலையாகும், ஸ்டாண்டின் காலில் மணல் நிரப்பிய அரிசிப் பை ஒன்றைக் கட்டுங்கள்.

வெளிப்புறப் படத்துக்கு கல்லடி மாதிரி வசதி எங்கும் இல்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு துண்டு நிலம். சூரியன் கடலில் எழும்பி வாவிக்கு அப்பால் விழும். அதனால் காலை ஆறு மணிக்குக் கடல், மாலை ஐந்தரைக்கு வாவிக்கரை. பழைய இரும்புப் பாலம் படத்துக்கு நல்லதுதான், ஆனால் வெயில் ஏறிவிட்டால் அதன் சட்டங்கள் முகத்தில் வரிவரியாக நிழல் போடும். மங்கல் வெளிச்சம் சூரியன் மறைந்து இருபது நிமிடம்தான். உச்சி வெயிலில் எஃப் 2.8 வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 100 இல் ஷட்டர் 1/3200 ஆகும். பிளாஷ் வழமையாக 1/200 அளவு வரைதான் ஒத்துவரும். நான்கு ஸ்டொப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) போட்டால் கணக்குச் சரி. கடற்கரையில் லென்ஸ் மாற்றாமல் இரண்டு கமரா வைத்திருங்கள். திரும்பி வந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடையுங்கள்.

அம்பாறைப் பக்கம் போனால் சிறுபோக வயல். சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகள் (வயல்வெளிகள்) ஆனியில் பச்சை, ஆவணியில் பொன் நிறம். வரம்பில் மட்டும் நிறுத்துங்கள், வயலுக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். கதிர் வந்த பயிரை மிதிப்பது ஒரு குடும்பத்தின் சோற்றை மிதிப்பது.

ஒரு கலியாணத்துக்கு 2500 ரோ ஃபைல் (கமராவின் மூலக் கோப்பு) என்றால், ஒன்று 28 எம்பி வீதம் 70 ஜிபி வரும். நல்ல கார்டில் இருந்து கால் மணித்தியாலத்தில் இறங்கும். இரவு எவ்வளவு களைப்பாக வந்தாலும் இரண்டு ஹார்ட் டிஸ்கில் இறக்கிய பிறகுதான் படுக்கை. ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இரண்டையும் திறந்து பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள். அல்பம் விரித்தால் 36 அங்குலம் என்றால், 6000 பிக்சல் படத்தை முழு விரிப்புக்கும் இழுத்தால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான் கிடைக்கும். அது நிலக்காட்சிக்குப் போதும். நடு மடிப்பில் முகம் விழ விடக்கூடாது.

இந்த இரண்டு மாதமும் படக்காரரின் வீட்டில் சாப்பாட்டு நேரம், பிள்ளையின் ரியூஷன், கோயில் எல்லாம் கலியாண வீட்டு நேரத்துக்கு ஆடும். மனைவி கைக்கு எட்டும் இடத்தில் சுவர்க் கலண்டர் ஒன்று தொங்கட்டும். முகூர்த்தம், திரும்பும் நேரம், அல்பம் கொடுக்கும் நாள் மூன்றையும் அதில் எழுதுங்கள். முற்பணம் வாங்கும்போதே கொடுக்கும் நாளை ஆடிக் கடைசி என்று சொல்லுங்கள், ஆனி என்று ஒத்துக்கொண்டால் இரவெல்லாம் கணினி முன்னால்தான். ஆடியில் கலியாணம் இல்லை. பகலில் படம் தெரிவு, பிள்ளைகள் வரும்முன் கணினியை மூடலாம். மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று எந்த வேலையும் ஏற்காமல் கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு, அன்று கமரா இல்லாமல் பிள்ளைகளோடு போங்கள்.