அத்தோ கையாலதான் பிசையணும்: ஆயா கதைய இளையோர் நாவலா எழுதி முடிச்ச அனுபவம்

மூணு வருஷமா எழுதிட்டிருந்த நாவல் போன மாசம்தான் முடிஞ்சுது. பதிமூணு பதினாலு வயசுப் பசங்க படிக்கறதுக்காக எழுதினது, பர்மாவுலேர்ந்து திரும்பி வந்த எங்க குடும்பத்தையும் எங்க வீட்டு சாப்பாட்டையும் வெச்சு. எங்க பாட்டிகிட்டயும் இப்டி ஒரு கதை இருக்கு, எழுதணும்னு ஆசைன்னு நிறைய பேர் என்கிட்ட சொல்லிருக்காங்க. அவங்களுக்காகத்தான் நான் எங்க மாட்டிகிட்டேன், எப்டி வெளிய வந்தேன்னு எழுதறேன்.

எங்க வீடு வியாசர்பாடில. ஆயா, எங்கம்மாவோட அம்மா, 1964ல ரங்கூன்லேர்ந்து கப்பல் ஏறி மெட்ராஸ் வந்துச்சு, அப்ப அதுக்கு 14 வயசு. 1962ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு இல்ல, அதுக்கப்பறம் 1964 மார்ச்ல ரங்கூன் கடைகள அரசாங்கமே எடுத்துகிச்சு, மே மாசம் 50, 100 கியாட் நோட்டெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க. ஆயாவோட அப்பாவுக்கு சின்ன மளிகைக் கடை, ரெண்டு மாசத்துல கடையும் போச்சு, ஊறுகா ஜாடில சேத்து வெச்சிருந்த நோட்டும் போச்சு. அந்தக் காலகட்டத்துல பர்மாவ விட்டு வந்த இந்தியர்கள் மட்டும் சுமார் 3 லட்சம் பேர். மெட்ராஸ்ல எறங்கின நம்ம ஆளுங்களுக்காக 1969ல பாரிஸ் கார்னர்ல பர்மா பஜார் வந்துச்சு, பக்கத்துலயே செகண்ட் லைன் பீச் தெருவுல அத்தோ கடைங்க, அத்தோன்னா பர்மா நூடுல்ஸ். எங்க தாத்தா அங்கதான் வண்டி போட்டிருந்தாரு.

இவ்ளோ இருக்கே, எழுதிடலாம்னு உக்காந்தேன். மொத தடவை எழுதினது 60 பக்கம், அதுல ஆயா திண்ணைல உக்காந்து சொல்லும், பேத்தி கேப்பா. வரலாறு ஃபுல்லா வந்துடுச்சுன்னு எனக்கு ரொம்ப சந்தோஷம். எங்கண்ணன் பொண்ணுக்கு அப்ப 13 வயசு, அவகிட்ட குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து "அத்தை, ஆயா கதை நல்லாருக்கு, ஆனா இந்தப் பொண்ணு என்ன பண்றா? கேட்டுகிட்டே இருக்கா"ன்னு கேட்டா. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அவ சொன்னது அவ்ளோ சரி. அந்த வயசுல இருக்கறவளுக்கு அவளோட பிரச்சினை தலைக்கு மேல இருக்கும், ஆயாவோட 1964 அதுக்குள்ள எங்கயாவது வந்து இடிச்சாத்தான் அவளுக்கு அது கதை, இல்லன்னா ஸ்கூல் பாடம்தான்.

60 பக்கத்தையும் ஓரம் வெச்சுட்டு, கதைய இப்ப நடக்கற மாதிரி மாத்தினேன். பொண்ணுக்கு 14 வயசு, அப்பா அத்தோ வண்டி வெச்சிருக்காரு, சாயங்காலமானா இவ போய் முட்டைகோஸ் சீவணும், வெங்காயம் பொரிக்கணும். பூண்டெண்ணெய் வாசனை தலைமுடியிலயும் யூனிஃபார்ம்லயும் ஒட்டிகிட்டு கிளாஸ்ல பக்கத்துல உக்கார்றவ மூக்க மூடறா. அந்த வாசனைலேர்ந்து தப்பிக்கணும், அதுதான் அவளுக்கு வேணும். இது நான் பட்டது, அதனால கை தானா எழுதுச்சு. பெரிய வரலாறு இருக்கற குடும்பம்னா அந்த வரலாற்றுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு நாம நெனச்சுக்கறோம், எனக்கு அந்த பூண்டு வாசனைலேர்ந்து ஆரம்பிச்சப்பதான் வழி தெறந்துச்சு.

ஆயாகிட்ட விஷயம் வாங்கறது தனிக் கதை. மொதல்ல ஃபோன எதிர்ல வெச்சு ரெக்கார்ட் பண்ணிகிட்டு "சொல்லு ஆயா"ன்னா, "என்னாத்த சொல்றது, வந்தோம், கஷ்டப்பட்டோம்"னு முடிச்சுரும். அப்பறம்தான் கண்டுபுடிச்சேன், கைல வேலை இருந்தா அதுக்கு வாய் வரும். சமைக்கறப்ப கூட நின்னேன். பூண்ட வில்லை வில்லையா சீவி எண்ணெய சூடு பண்ணாம பச்சையாவே போட்டு சிம்ல வெக்கும், லேசா மஞ்சளாகறப்பவே வடிச்சுரும். "எறக்குனப்பறமும் அது வேகும்டி, செவக்கட்டும்னு நின்னா கசந்துரும்"னு சொல்லும். அத்தோவ கரண்டியால கெளறினா அதுக்கு கோவம் வந்துரும். நூடுல்ஸ், கோஸ், வறுத்த கடலமாவு, புளித்தண்ணி, மொளகாத்தூள், பூண்டெண்ணெய் எல்லாம் கையாலதான் பிசையணும், அந்தப் பேரே அதான், பர்மிய மொழில அதோக்னா பிசைஞ்சு கலந்ததுன்னு அர்த்தம். நாவல்ல இத எங்கயும் விளக்கம் மாதிரி சொல்லல, பொண்ணு கரண்டிய எடுக்கறா, ஆயா கைய தட்டி விடுது, அவ்ளோதான்.

கேள்வி கேக்கற விதத்துலயும் ஒண்ணு கத்துகிட்டேன். "எப்டி செய்வ"ன்னு கேட்டா செய்முறைதான் வரும். ஒரு நாள் எதேச்சையா "அங்க போட்டு இங்க போடாதது என்ன ஆயா"ன்னு கேட்டேன், கேட்டதும் கொட்டுச்சு. மொய்ங்கோவுக்கு, அதான் மீன் கொழம்புல நூடுல்ஸ் போட்டு சாப்டறது, எலுமிச்சம்புல் வேணும், அப்ப இங்க எங்க கெடைக்கும்னே தெரியாது, விட்டுட்டோம். ஙாப்பி, அந்த மீன் விழுது, அது இல்லாம நெத்திலிக் கருவாட்ட இடிச்சுப் போட்டோம். இங்க கெளுத்தி மீன்ல அந்த ருசி வரல. வாழத்தண்டு மட்டும்தான் ரெண்டு ஊர்லயும் ஒண்ணா இருந்துச்சுன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசல. சாப்பாட்ட வெச்சு எழுதறவங்க இந்தக் கேள்விய கண்டிப்பா கேட்டுப் பாருங்க, எடம் மாறினதுல எது தவறிப்போச்சோ அதுலதான் கதை இருக்கு.

அடுத்து ஒரு பெரிய குழப்பம். காட்டு வழியா நடந்து வந்தோம், வறுத்த அரிசி மூட்டை, கால்ல அட்டை, வழில செத்தவங்கன்னு ஆயா அப்பப்ப சொல்லும், நானும் அத அதோட சின்ன வயசுக் கதையா எழுதிட்டேன். கன்னிமாரா நூலகத்துல உக்காந்து படிக்கறப்பதான் பொறி தட்டுச்சு. ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23, ஜனங்க லட்சக்கணக்குல நடந்து வந்தது 1942ல, ப்ரோம் வழியா அரக்கானுக்கு ஒரு வழி, தாமு வழியா மணிப்பூருக்கு ஒரு வழி. ஆயா பொறந்ததே 1950. அப்ப நடந்தது யாரு? கேட்டேன். "எங்கம்மாடி, யுத்தம் முடிஞ்சு திரும்பவும் ரங்கூனுக்கே போய்ட்டாங்க, நான் அங்கதான் பொறந்தேன்"னுச்சு. அவங்கம்மா சொல்லிச் சொல்லி அந்த நடை ஆயாவோட கால்லயே ஏறியிருக்கு. பொய் சொல்லல, அது அப்டித்தான் கடத்தப்பட்டிருக்கு. நாவல்ல இதையே ஒரு அத்தியாயமா வெச்சேன், பொண்ணு கணக்கு போட்டுப் பாத்து ஆயா பொய் சொல்லுதுன்னு சண்டை போடறா, அப்பறம் புரிஞ்சுக்கறா. என் நாவல்ல எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் அது. அதனால வருஷத்த கண்டிப்பா சரி பாருங்க, ஆனா தப்பா இருந்தா உடனே அடிச்சுடாதீங்க, ஏன் அப்டி சொன்னாங்கன்னு ஒரு தடவை கேளுங்க.

வீட்ல வட்டமா ஒரு கல்லு இருக்கு, ஓரத்துல சுத்தி தண்ணி ஓட பள்ளம். சந்தனக் கல்லுன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சிருந்தோம், பூஜைக்கு அதுலதான் சந்தனம் அரைப்போம். அது தனக்கா பட்டைய அரைச்சு மொகத்துல பூசறதுக்காக ரங்கூன்லேர்ந்து தூக்கிட்டு வந்த கல்லுன்னு மூணாவது வருஷம்தான் தெரிஞ்சுது.

அந்தக் கல்லப் பத்தி பேசினப்பதான் இன்னொண்ணும் வந்துச்சு. அத்தோ எப்ப கேட்டாலும் செஞ்சு தர்ற ஆயா மொய்ங்கோ மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கூட செய்யாது, செஞ்சாலும் அது சாப்டாது. ஏன்னு கேட்டேன். கப்பல் ஏறின அன்னிக்குக் காலைல பக்கத்து வீட்டு பர்மாப் பொண்ணு, ஆயா வயசுதான், கூட வெளாடினவ, கிண்ணத்துல மொய்ங்கோ எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னுருக்கா. "உங்க ஆளுங்கதானே எங்கள தொரத்தறீங்கன்னு எனக்கு ஆத்திரம். கிண்ணத்த தொடக்கூட இல்லடி. அவ என்னாடி பண்ணுவா, அவளும் சின்னப் பொண்ணு." அறுபது வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாம்.

இத எழுதலாமான்னு ஒரு மாசம் யோசிச்சேன். கேக்காம எழுத மனசு வரல, கேட்டேன். "அவ பேர மட்டும் போடாத"ன்னுச்சு. போடல. குடும்பக் கதைய எழுதறவங்க எல்லாருக்கும் இந்த எடம் வரும், அப்ப போய் கேட்டுடுங்க, நாவல்தானேன்னு விட்டுடாதீங்க.

பதிப்பகம் தேடினது சுருக்கமா சொல்லிடறேன். ஒரு எடத்துல இது சிறுவர் புஸ்தகமா பெரியவங்க புஸ்தகமான்னு கேட்டு திருப்பிட்டாங்க. இன்னொரு எடத்துல பேச்சு எல்லாத்தையும் எழுத்துத் தமிழ்ல மாத்துங்க, பர்மா வார்த்தைக்கெல்லாம் கடைசில அர்த்தம் போடுங்க, ரெசிப்பி சேருங்கன்னாங்க. வியாசர்பாடிப் பொண்ணு அவ அப்பாகிட்ட எழுத்துத் தமிழ்ல பேசினா எந்தப் பசங்களும் நம்பாது, நான் ஒத்துக்கல. மூணாவது எடத்துல அப்டியே எடுத்துகிட்டாங்க, ஜனவரி புத்தகக் காட்சிக்கு வருது.

அனுப்பறதுக்கு மொத நாள் ஆயாவுக்கு கடைசி அத்தியாயத்த படிச்சுக் காட்டினேன். அதுல பேத்தி மொய்ங்கோ செய்யக் கத்துக்கறா, எலுமிச்சம்புல் ஆன்லைன்ல வாங்கிப் போடறா, ஆயாகிட்ட அந்த கப்பல் காலைய திரும்பச் சொல்லச் சொல்றா, இந்தத் தடவை கதைல ஆயா கிண்ணத்த வாங்கிக்குது. நான் படிச்சு முடிச்சப்பறமும் ஆயா சுவத்தயே பாத்துட்டிருந்துச்சு.

"சாப்ட்டாளா?"

"சாப்ட்டா ஆயா."

"சூடா இருந்துச்சா?"

நான் அத எழுதவே இல்ல. அன்னிக்கு ராத்திரியே உக்காந்து கிண்ணத்துலேர்ந்து ஆவி பறந்துதுன்னு ஒரு வரி சேத்தேன்.