தாத்தாவின் பாயிண்ட் டூ டூ

தாத்தாவின் காரியம் முடிந்த மறுநாளே அவருடைய துப்பாக்கியை ஒப்படைக்கக் கிளம்பிவிட்டேன். லைசென்ஸ்காரர் போய்விட்டால் அது வீட்டில் இருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ வைத்துவிட வேண்டும். நான் மதுரையில் ஒரு கடையில் வைத்தேன். மாத வாடகை கேட்டார்கள், ஆனால் எண்ணெய் போட்டு வைப்பார்கள்.

அது செக்கோஸ்லோவாகியாவில் செய்த பிர்னோ மாடல் 2, பாயிண்ட் டூ டூ (.22) என்னும் சின்னத் தோட்டா போடும் ரைபிள். கடைக்காரர் போல்ட்டை இழுத்துத் தோட்டா அறை காலி என்று பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார். நான் சும்மா விசையைத் தட்டப்போக, சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். "வெறுமனே தட்டாதீங்க தம்பி, விளிம்பு போயிரும்." இந்தத் தோட்டாவுக்கு மருந்தைப் பற்றவைக்கத் தனியாகக் கேப் கிடையாது. கூட்டின் அடிவிளிம்புக்குள்தான் பற்றும் மருந்து இருக்கிறது, ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் தட்டிக்கொண்டே இருந்தால் ஊசி அறையின் வாயோரத்தை இடித்துப் பள்ளமாக்கிவிடும். சின்ன வயதில் நானும் சித்தப்பா பையனும் எத்தனை முறை தட்டியிருப்போம் என்று அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம் துப்பாக்கியை என் பேருக்கு மாற்றக் காகிதங்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள் எல்லோரிடமும் ஆட்சேபணை இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சின்ன அத்தை கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு முறை படித்துப் பார்த்தார். "துப்பாக்கிக்கு மட்டும்தானே? தோட்டத்துக்கு இல்லையே?" என்று கேட்ட பிறகுதான் பேனாவைத் திறந்தார்.

எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம், மாநகர எல்லைக்கு வெளியே. அதனால் கமிஷனர் அலுவலகம் இல்லை, கலெக்டர் அலுவலகம். ஏ-1 படிவம், மனநலமும் சேர்த்த மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி எடுத்த சான்று. பிறகு போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை விசாரணை. "வேட்டைக்கா?" என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். "குறி அட்டையில சுட சார்" என்றால் நம்பவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வாங்கியது இதே .22 தோட்டாவில்தான் என்று ஒருவரிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் ஒலிம்பிக் போறீங்களா?" என்றார். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

மாட்டியது துப்பாக்கி நம்பரில். தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தில் கடைசி இலக்கம் 8. குழலில் பார்த்தால் 3 போல இருக்கிறது. எப்போதோ யாரோ கையால் எழுதியதைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அப்படியே பார்த்து எழுதி வந்திருக்கிறார்கள். கோப்பு திரும்பி வந்துவிட்டது. கடைக்காரர் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். வெள்ளைச் சாக்பீஸைக் குழலில் தேய்த்து, மேலாக விரலால் வழித்துவிட்டார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. தெளிவாக 3. அதைப் படமெடுத்து, அவரிடம் ஒரு சான்றும் வாங்கி வைத்தேன். அந்த ஒரு இலக்கத்துக்கு மூன்று மாதம் போனது. மொத்தம் பதினொரு மாதத்தில் லைசென்ஸ் வந்தது, ஐந்து ஆண்டுக்கு.

முதல் ஞாயிறு ரேஞ்சில் குப்புறப் படுத்துச் சுட்டேன். 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளிக்கான நடு வட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அங்கே சொல்லிக்கொடுக்கும் அண்ணன், "விசையை வெடுக்குன்னு இழுக்காதீங்க, பால் பீச்சுற மாதிரி அமுக்குங்க" என்றார். நான் மாடு வளர்த்த வீட்டுக்காரன், முழுக் கையாலும் பீச்சிவிட்டேன். ஐந்து தோட்டாவும் கீழே இடதுபக்கம் போயின. ஒரு விரல் மட்டும்தான் அசைய வேண்டுமாம். அப்புறம் குழலில் தங்கியிருந்த எண்ணெய் போக இன்னும் பத்துத் தோட்டா செலவானது.

பழைய துப்பாக்கிக்கு நாக்கு உண்டு என்பார் தாத்தா. உண்மைதான். வேகமான தோட்டாவைப் போட்டால் அட்டை முழுக்கச் சிதறியது. ஒலியின் வேகத்தைத் தாண்டாத சாதாரண ரகத்தைப் போட்டதும் ஐந்து ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். ஆனால் ஆடிக் காற்றில் அதுவும் நகர்கிறது. ரேஞ்சுக்குப் பின்னால் நிற்கும் பனைமரத்தின் ஓலை அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்க முடியாது, எழுந்து டீ குடித்துவிட்டு வரலாம்.

நான்காவது வார அட்டையை அப்பத்தாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நடுவுல ஒண்ணுகூட இல்லையே" என்றார்.

அடுத்த வாரம் போகவில்லை. தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன். "உங்க தாத்தாவுக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கதைதான்" என்று அப்பத்தா சிரித்தார். ரசீது இப்போது என் பர்ஸில் இருக்கிறது. நம்பரைச் சரிபார்த்துத்தான் வாங்கினேன்.