கொஞ்சுவதற்கு மலாயில் என்ன

"கொஞ்சறதுக்கு மலாய்ல என்னா சொல்லணும் டீச்சர்?"

அந்த அம்மா இதைக் கேட்டபோது நான் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வீடு பார்க்க வேண்டியிருந்தது, மழையும் கட்டியிருந்தது. "சாயாங்னு சொல்லுங்கம்மா" என்றேன். அவர் "சாயாங்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார், கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்வதுபோல. நான் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

ஏழு வருஷமாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் பி.டி.கே.யில், அதாவது மலேசியாவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வந்துபோகும் சமூக மறுவாழ்வு மையத்தில், அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் வந்து போய்விட்டார்கள். சிலருடைய முகம்கூட மறந்துவிட்டது. இந்தக் கேள்வி மட்டும் செருப்பு மாட்டும்போதெல்லாம் வருகிறது. பெற்ற பிள்ளையைக் கொஞ்ச வார்த்தை கேட்டு ஒரு தாய் நிற்கிறாள், நானோ பாடப்புத்தகத்தில் அருஞ்சொற்பொருள் சொல்வதுபோல ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அவரை அந்தக் கேள்விக்குக் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான்.

அந்தக் கேள்விக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் பையனைச் சேர்க்க வந்த அன்று என் மேசை முழுக்கக் காகிதம். ஓ.கே.யூ. என்கிற மாற்றுத்திறனாளி அட்டை நகல், பேங்க் புத்தக நகல், மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) அலவன்ஸுக்கான பாரம். அதற்கு நடுவில்தான் அவர் கேட்டார்: "வீட்டுல என்னா பாஷைல பேசறது டீச்சர்? நாங்க தமிழ்தான். ஆயாவுக்கு வேற ஒண்ணும் வராது." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். "ஒரே பாஷையா வெச்சுக்குங்கம்மா. இங்க எல்லாமே மலாய், நாளைக்கு ஸ்கூலும் மலாய். ரெண்டு பாஷை பேசுனா புள்ள குழம்பிடுவான்." பாரத்தில் வீட்டு மொழி என்ற கட்டத்தில் மலாய் என்று என் கையாலேயே எழுதினேன்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். பையனுக்கு நாலு வயது, ஆட்டிசம், ஒரு சொல்லும் கிடையாது. ஒரு பாஷையே வராதவனுக்கு இரண்டு எதற்கு என்பது கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது? திரெங்கானுவில் பத்து ராக்கிட்டில் 1984இல் தொடங்கிய இந்த பி.டி.கே. திட்டமே, குடும்பமும் ஊரும் சேர்ந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக வந்தது. எங்கள் மையத்தில் ஊர் என்றால் மலாய்தான். பாட்டு, படஅட்டை, கை கழுவும் இடத்தில் ஒட்டியிருக்கும் வரிசை, எல்லாம் மலாய். ஊழியர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி, நானும் பாதி நாள் வெளியில். பேச்சுச் சிகிச்சைக்கு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாலு மாதத்துக்கு ஒருமுறை தேதி கிடைத்தால் அதிர்ஷ்டம். நாட்டில் அதற்கான பட்டப்படிப்பே 1995இல்தான் யூ.கே.எம். என்கிற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தமிழில் ஒரு பிள்ளையைச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஆளுக்கு நான் எங்கே போவேன்?

அந்த அம்மாவுக்கு மலாய் ஏற்கனவே ஒருமுறை காலை வாரியிருந்தது. பையனுக்குப் பதினெட்டு மாதத்தில் கிளினிக்கில் தாதி வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறார். விரல் நீட்டிக் காட்டுவானா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா. எல்லாவற்றுக்கும் இவர் "யா, யா" என்று தலையாட்டியிருக்கிறார். பாதி புரியவில்லை, புரியவில்லை என்று சொல்ல வெட்கம். தாளில் பிள்ளை தேறிவிட்டான். இதை அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார், சேர்க்க வந்த அதே நாளில். அதைக் கேட்டுவிட்டும் நான் அவரை மலாயில் பேசச் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய மலாய் தோட்டத்து இந்தோனேசியக்காரர்களிடமும் சண்டே சந்தையிலும் பொறுக்கிய மலாய். விலை கேட்கலாம், லோரிக்காரனைத் திட்டலாம். வீட்டு விசிட்டுக்குப் போனபோது ஒரு மணி நேரம் இருந்தேன். அண்டை வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேலே வாய் ஓயாமல் தமிழில் பேசுகிறவர், பிள்ளை பக்கம் திரும்பியதும் குரலே மாறிவிட்டது. "டுடுக்." "மாக்கான்." "ஜாங்கான்." உட்கார், சாப்பிடு, வேண்டாம். நான் எண்ணவில்லை, ஆனால் மொத்தம் பத்துச் சொல்லுக்கு மேல் இராது. அவன் விழுந்து அழுதான். தூக்கி முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அன்றைக்கு நான் என் ரிப்போர்ட்டில் எழுதியது: தாய் ஒத்துழைக்கிறார்.

ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையனுடைய அப்பாவைப் பெற்றவர். பால்மரக் காலத்தில், அதாவது தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில், ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர், அதனால் தோட்டத்துக்கே ஆயா. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போன அத்தனை பேருடைய பிள்ளைகளையும் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். அவர் பின்கட்டில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு என்னமோ கதை சொல்லிக்கொண்டிருந்தார், தமிழில், மெதுவாக, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "ஆயா, புள்ளைய குழப்பாதீங்க" என்றேன். அவர் கேட்டார்: "அப்ப நான் யாருன்னு இவனுக்குச் சொல்றது? நெனேக்கா?"

நெனேக் என்றால் மலாயில் பாட்டி. நான் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

இனி வருவதுதான் எனக்கு நெருடல். பையன் பேசினான். ஐந்து வயது முடியப்போகும் சமயம், மையத்தில், பிஸ்கெட் டின்னைப் பார்த்து "நாக்" என்றான். வேண்டும் என்று. எங்கள் மலாய் அக்கா ஒருத்தி அழுதேவிட்டாள். வீட்டிலும் சொல்லியிருக்கிறான். ஆயாவுக்குப் புரியாமல், "நாக்கா? நாக்குல என்னாடா?" என்று அவன் வாயைத் திறந்து பார்த்தாராம். அந்த அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்புறம் "நாக் கென்சிங்" வந்தது. சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மூன்று மாதம்வரை சோதனைக் காலம் உண்டு, தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறானா என்று பார்ப்பார்கள். ஒன்றுக்கு வருகிறது என்று டீச்சருக்குப் புரியும் பாஷையில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாருக்குத் தெரியாது. சிறப்புக் கல்வி வகுப்புள்ள தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, எங்கள் பக்கத்தில் இல்லை. அவன் போனது தேசியப் பள்ளிக்கு. அங்கே அவன் நிலைத்தான்.

ஆக, நான் சொன்னது பலித்துவிட்டதா? பல ராத்திரி இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். உடனே இன்னொன்று வரும். தமிழிலும் பேசியிருந்தால் "நாக்" வராமல் போயிருக்குமா?

போயிருக்காது என்றுதான் தெரிகிறது. அவன் "நாக்" சொன்ன பிறகு ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டு மொழி புழங்கும் வீட்டில் வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் எதுவும் இல்லை என்று கனடாவில் 2012இலேயே ஆய்வு வந்திருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளைப் பற்றி அதற்கும் முன்னால், 2005இல். பெற்றோர் தங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நிறையப் பேசட்டும் என்றார் பயிற்சி நடத்தியவர். நான் குறிப்பெடுத்துக்கொண்டே வருஷத்தைக் கழித்துப் பார்த்தேன். அந்தப் பாரத்தில் நான் எழுதிய நாளில் இதெல்லாம் தெரிந்து பல வருஷமாகியிருந்தது. 'அப்போது எல்லாரும் சொன்னார்கள்' என்று மேலே எழுதினேனே, அதில் எல்லாரும் என்பது யார்? என்னைச் சுற்றி இருந்த ஐந்தாறு பேர்.

அடுத்த வாரமே அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். "இனிமே தமிழ்லயே பேசுங்கம்மா, இப்ப புதுசா அப்படித்தான் சொல்றாங்க" என்றேன். புதுசா. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல அந்த ஒரு சொல் குறுக்கே வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்னும் தெரியவில்லை. "இப்பத்தான் டீச்சர் ரெண்டு வார்த்தை பேசறான். மறுபடியும் மாத்தச் சொல்றீங்களா?" என்றார். "மாத்த வேணாம், ரெண்டும் பேசலாம்" என்றேன். "நீங்கதானே குழம்பிடுவான்னு சொன்னீங்க." அதற்கு என்னிடம் பதில் இல்லை. தேத்தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். அவர் மாற்றவில்லை. ஒருமுறை கேட்டு நடந்து பலன் கண்டவர், இன்னொருமுறை ஏன் கேட்க வேண்டும்?

ஆயாவிடம் போய், கதை சொல்லுங்க என்று சொல்லியிருக்கலாம். அவர் அன்றைக்குப் பின்கட்டில்தான் இருந்தார். சுருட்டு வாசம் வந்தது. போகவில்லை.

பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது நெருங்குகிறது. தீபாவளிச் சந்தையில் பார்த்தேன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முறுக்குக் கடையில் நின்றான். "சலாம் சிக்கு", டீச்சருக்கு வணக்கம் வை, என்று அம்மா சொன்னதும் என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்தான். அவர் அவனை "சாயாங்" என்று கூப்பிட்டார். இயல்பாகத்தான் இருந்தது. அவர் வாய்க்கு அது பழகிவிட்டதா, எனக்காகச் சொன்னாரா என்று யோசித்துக்கொண்டே நான் முறுக்கு வாங்க மறந்துவிட்டேன்.

பள்ளிக்கு மாறியபோது அவனுடைய ஃபைலை அனுப்பியவள் நான்தான். எல்லாப் பக்கத்தையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டு மொழி கட்டத்தில் என் கையெழுத்து, மலாய். பேனா கையில் இருந்தது. தமிழ் என்று திருத்தினால் பள்ளியில் இடம் தரத் தயங்குவார்களோ என்று ஒரு நினைப்பு. திருத்தினால் ஏன் திருத்தினாய் என்று மேற்பார்வையாளர் கேட்பாரே என்று இன்னொன்று. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.